இரைப்பையில் ‘நெட்’ கட்டி: எந்த டைப், எந்த கிரேடு என்று பிரிப்பது எப்படி

எண்டோஸ்கோப்பியில் ஒரு சின்னப் புடைப்பு. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘நியூரோஎண்டோகிரைன் டியூமர், கிரேடு 1’ என்று ஒரே வரி. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டிக்கு அந்தப் பெயர்; சுருக்கமாக நெட். ஆத்தூரிலிருந்து ஒருவர், ஓமலூரிலிருந்து ஒருவர், இரண்டு பேர் கையிலும் இதே வரிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் புடைப்பை எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிட்டு, அவ்வப்போது குழாய் போட்டுப் பார்த்து வந்தால் போதும். இன்னொருவருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியை வைத்து இவர் யார், அவர் யார் என்று சொல்லவே முடியாது.

காரணம், இரைப்பை நெட்டில் கிரேடு ஒன்று, டைப் இன்னொன்று. கிரேடு என்பது கட்டிச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பது; டைப் என்பது கட்டி எந்தக் காரணத்தால் வந்தது என்பது. கிரேடு கட்டித் துண்டிலேயே இருக்கிறது. டைப் கட்டிக்குள் இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள சளிப்படலத்திலும், இரைப்பையின் ஆசிட்டிலும், ரத்தத்திலுள்ள காஸ்ட்ரின் என்ற ஹார்மோனிலும் இருக்கிறது. புடைப்பை மட்டும் கிள்ளி அனுப்பினால் பாதி நோயறிதலை எண்டோஸ்கோப்பி அறையிலேயே விட்டுவிட்டு வந்ததாக அர்த்தம். மிச்சப் பாதியையும் எடுத்து வருவது எப்படி என்பதுதான் இங்கே. எண்டோஸ்கோப்பி செய்பவர், உதவிக்கு நிற்கும் டெக்னீஷியன், பத்தாலஜி பட்டமேற்படிப்பு மாணவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் குடும்பத்தாரும் படிக்கலாம்.

ஆசிட்டும் காஸ்ட்ரினும்

இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஜி செல்கள் இருக்கின்றன. இவை காஸ்ட்ரின் சுரக்கும். மேலே பாடி, ஃபண்டஸ் பகுதியில் ஈசிஎல் செல்கள் இருக்கின்றன. காஸ்ட்ரின் வந்து தட்டினால் இவை ஹிஸ்டமின் விடும். அது பரைட்டல் செல்லைக் கிளப்பி ஆசிட் சுரக்க வைக்கும். ஆசிட் போதுமான அளவு வந்ததும் ஜி செல் அடங்கிவிடும். இந்தச் சுற்று எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்தால் டைப் தெரிந்துவிடும்.

டைப் 1-ல் உடலின் எதிர்ப்புச் சக்தியே பரைட்டல் செல்களை அழித்துவிடுகிறது. பாடியும் ஃபண்டஸும் தேய்ந்துபோகின்றன. ஆசிட் இல்லை. ஆன்ட்ரம் நன்றாக இருப்பதால் ஜி செல்கள் அடக்குவாரின்றிக் காஸ்ட்ரினைக் கொட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் அந்த அடி விழுந்து ஈசிஎல் செல்கள் பெருகி, அங்கங்கே சின்னச் சின்னக் கட்டிகளாகின்றன. இரைப்பை நெட்களில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை இதுதான். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் கூடுதல். பல கட்டிகள், பெரும்பாலும் 1 செ.மீ.க்குக் கீழே, அநேகமாக கிரேடு 1. வேறு உறுப்புக்குப் பரவுவது நூற்றுக்கு 5-க்குள்.

டைப் 2-ல் கதை தலைகீழ். சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்திலோ கணையத்திலோ காஸ்ட்ரினோமா என்ற இன்னொரு கட்டி உட்கார்ந்துகொண்டு காஸ்ட்ரினை விடுகிறது. கூடவே மென்-1 என்ற பரம்பரைக் குறைபாடு இருக்கும். காஸ்ட்ரின் அதிகம், ஆசிட்டும் அதிகம். இரைப்பை மடிப்புகள் தடித்து வீங்கியிருக்கும். அல்சர், வயிற்றுப்போக்கு இருக்கும். நூற்றுக்கு 5, 6 தான் இது. ஆனால் பரவும் வாய்ப்பு 10 முதல் 30 வரை.

டைப் 3-க்குக் காஸ்ட்ரினோடு தொடர்பே இல்லை. காஸ்ட்ரின் சரி, ஆசிட் சரி, சுற்றுச் சளிப்படலமும் சரி. நடுவில் தனியாக ஒரு கட்டி, பல நேரம் 1 செ.மீ.யைத் தாண்டியது, ஆன்ட்ரம் உட்பட எங்கே வேண்டுமானாலும். ஆண்களிடம் கூடுதல். பெரிதாகிவிட்டால் பாதிப் பேருக்கு மேல் பரவியிருக்கும். அறுவை சிகிச்சை வரை போவது பெரும்பாலும் இவர்கள்தான்.

1993-ல் ரிண்டியும் கூட்டாளிகளும் வகுத்த பிரிவுதான் இன்றும் அடிப்படை. ஆசிட்டை அடக்கும் பிபிஐ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போட்டவர்களுக்கு வரும் கட்டி, பரைட்டல் செல்லின் ஆசிட் பம்ப்பில் மரபுக் கோளாறு உள்ளவர்களுக்கு வரும் கட்டி என்று இதில் அடங்காத சிலவும் உண்டு. நோயாளியை எந்தப் பெட்டியிலும் போட முடியவில்லை என்றால் இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

மாத்திரைக் கணக்கு

ரத்தமும் எண்டோஸ்கோப்பியும் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நம் ஊரில் பெரிய தவறு நடப்பதும் இங்கேதான். ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?’ என்று கேட்டால், ‘மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். ‘காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அது போடறதுதானுங்க, நாலஞ்சு வருஷமா.’ பான்டோபிரசோலும் ஒமிபிரசோலும் ராபெப்ரசோலும் மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைப்பதால் மக்கள் கணக்கில் அவை மருந்தே இல்லை. மூட்டுவலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்ததும் இதில் சேரும். அட்டையை எடுத்து வரச் சொல்வதே மேல்.

ஏன் இவ்வளவு பாடு? பிபிஐ ஆசிட்டை அடக்கினால் காஸ்ட்ரின் தானாக ஏறும். இரைப்பை pஹெச்-ம் ஏறும் (pஹெச் குறைந்தால் ஆசிட் அதிகம், ஏறினால் ஆசிட் குறைவு). டைப் 3 உள்ளவர் அப்படியே டைப் 1 மாதிரித் தெரிவார். அறுவை சிகிச்சை தேவைப்பட்ட ஆளை ‘ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் வாங்க’ என்று அனுப்பிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. நெட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின் ஏ அளவும் இதே காரணத்தால் பொய்யாக ஏறும்.

காஸ்ட்ரின் எடுக்கும் முன் பிபிஐ-ஐ 1 முதல் 2 வாரம் நிறுத்த வேண்டும். இடையில் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்றால் ஃபாமோடிடின் போன்ற ஹெச்2 மாத்திரை தரலாம். அதையும் ரத்தம் எடுப்பதற்கு 48 மணி நேரம் முன் நிறுத்திவிட்டு, பிறகு சாதாரண ஆன்டாசிட் திரவம் மட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, கவனம். தொடர் அல்சர், ரத்த வாந்தி, மலம் கறுத்துப் போதல், விடாத வயிற்றுப்போக்கு, எண்டோஸ்கோப்பியில் தடித்த மடிப்புகள் என்றிருந்தால் அது டைப் 2-ஆக இருக்கலாம். இவர்களுக்கு பிபிஐ-ஐச் சட்டென்று நிறுத்தினால் ஆசிட் பொங்கி அல்சர் ஓட்டை விழுந்துவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. அனுபவமுள்ள பெரிய மையத்தின் மேற்பார்வையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

காஸ்ட்ரின் ரத்தம்: வெயிலோடு ஒரு போட்டி

12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும். ஏற்காட்டிலிருந்தோ நாகலூரிலிருந்தோ வருபவர்களிடம் ‘சாப்பிடாம வாங்க’ என்று மட்டும் சொன்னால், முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்குவார்கள். மலைக் குளிரில் காபி அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. காபியே காஸ்ட்ரினைக் கிளப்பும். பால் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ‘காபி, டீ, பால், எதுவும் கூடாது’ என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். முடிந்தால் முந்தின இரவே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது சாம்பிள். காஸ்ட்ரின் அறைச் சூட்டில் நிற்காது. ரத்தத்திலுள்ள என்சைம்களே அதை உடைத்துவிடும். ரத்தம் எடுத்தவுடன் ஐஸில் வைத்து, தாமதமில்லாமல் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, உறைய வைத்து, உறைந்தபடியே அனுப்ப வேண்டும். எந்த டியூப் என்பதை முன்கூட்டியே லேபிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தம் மதியம் வரை கலெக்ஷன் சென்டர் மேசையில் கிடந்து, அப்புறம் பைக் பெட்டியில் பயணம் போனால், காஸ்ட்ரின் இறங்கிப்போய் ‘நார்மல்’ என்று வரும். அப்போது டைப் 1 நோயாளி டைப் 3 ஆகிவிடுவார். தேவையில்லாத ஆபரேஷனுக்கு அதுவே முதல் படி. ‘உறைந்த நிலையில் வந்ததா?’ என்று லேபிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். சாம்பிள் சிவந்து உடைந்திருந்தால் திரும்ப எடுங்கள்.

பொதுவாக 100 பிகோகிராம்/மி.லி.க்குக் கீழ் என்பது நார்மல். லேபின் எல்லையையும் பாருங்கள். டைப் 1-ல் பல நூறு, ஆயிரத்தைத் தாண்டுவதும் சகஜம். டைப் 2-லும் அதே மாதிரிதான் இருக்கும். காஸ்ட்ரின் மட்டும் இவை இரண்டையும் பிரித்துக் காட்டாது. Pஹெச் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஹெச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் காஸ்ட்ரின் ஓரளவு ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்டோஸ்கோப்பி: தண்ணீர் அடிப்பதற்கு முன் இரண்டு நிமிஷம்

வாடிக்கையாக ஸ்கோப் உள்ளே போனதும் நுரையையும் சளியையும் தண்ணீர் அடித்துக் கழுவி, உறிஞ்சி வெளியே தள்ளிவிடுவோம். pஹெச் பார்க்க வேண்டிய நாளில் அது கூடாது. முதலில் இரைப்பைக் குளத்தில் இருக்கும் சாற்றை உறிஞ்ச வேண்டும். சக்ஷன் குழாய்க்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் சளி பிடிக்கும் சின்னப் பாட்டிலை மாட்டிவிட்டால் 5 மி.லி. சாறு கிடைத்துவிடும். அதில் ஒரு சொட்டை pஹெச் பேப்பரில் விட்டு, டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ணப் பட்டையோடு அப்போதே ஒத்துப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 1-லிருந்து 14 வரையுள்ள மலிவுப் பேப்பரே போதும். நமக்குத் தேவை 2-க்குக் கீழா, 6, 7-க்குப் பக்கமா என்பது மட்டுமே.

இங்கே தவறுகள் மூன்று. எண்டோஸ்கோப்பிக்கு முன் குடிக்கத் தரும் நுரை நீக்கிக் கலவையில் சோடா உப்பு கலந்திருந்தால் pஹெச் ஏறிவிடும். அன்றைக்கு அதைத் தவிர்க்கவும். சாறு மஞ்சள், பச்சையாக இருந்தால் பித்தம் மேலே வந்திருக்கிறது. அந்த அளவு செல்லாது. நோயாளி பிபிஐ-யில் இருந்தாலும் செல்லாது, ஆனால் ஒருவழியில் மட்டும்: பிபிஐ போட்டுக்கொண்டிருப்பவருக்கே pஹெச் 2-க்குக் கீழே இருந்தால் அது டைப் 1 கிடையாது, அவரிடம் ஆசிட் நிறையவே இருக்கிறது என்று பொருள். காஸ்ட்ரின் நார்மலைப் போல 10 மடங்கைத் தாண்டி, pஹெச் 2-க்குக் கீழே என்றால் காஸ்ட்ரினோமா பக்கம் போய்விடலாம்.

இப்போது கழுவிவிட்டுப் பாருங்கள், ஆனால் புடைப்பை அல்ல, பின்னணியை. பாடியில் மடிப்புகள் மறைந்து, வழவழப்பாக, அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிந்தால் தேய்வு. நம் பக்கம் சாதாரணமாகப் பார்க்கும் ஹெச். பைலோரி தேய்வு ஆன்ட்ரத்தில் தொடங்கி மேலே ஏறும். இது தலைகீழாக, பாடி தேய்ந்து ஆன்ட்ரம் நன்றாக இருக்கும். இந்தத் தலைகீழ்த் தோற்றமே டைப் 1-க்குப் பாதிச் சாட்சி. தேய்ந்த பாடியில் தப்பிப் பிழைத்த சளிப்படலத் தீவுகள் பாலிப் மாதிரி எழுந்து நிற்கும். அதையே நெட் என்று எண்ணி எண்ணிக்கையைக் கூட்டிவிடக் கூடாது.

நெட் கட்டி வட்டமாக, வழவழப்பாக, மஞ்சள் கலந்த சிவப்பாக, மேலே விரிந்த ரத்தக்குழாய்களோடு, சில நேரம் நடுவில் குழியோடு இருக்கும். எத்தனை, எங்கே, எவ்வளவு என்பதை எழுதுங்கள். ‘சிறிய பாலிப்’ என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை, 1 செ.மீ.தான் முடிவை மாற்றும் கோடு. பயாப்ஸி ஃபோர்செப்ஸின் வாயைத் திறந்து பக்கத்தில் வைத்து அளக்கலாம். உங்கள் ஃபோர்செப்ஸ் திறந்தால் எத்தனை மி.மீ. என்று முன்பே ஸ்கேலில் வைத்துப் பார்த்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பயாப்ஸி எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய புடைப்பிலிருந்து துண்டுகள். தவிர ஆன்ட்ரத்தில் 2, பாடி, ஃபண்டஸில் 4. ஆன்ட்ரத்துண்டு ஒரு பாட்டில், பாடி ஒன்று, ஃபண்டஸ் ஒன்று, ஒவ்வொரு புடைப்புக்கும் தனித்தனி. செலவு மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டுவதைப் பார்க்கிறோம். அந்தச் சில ரூபாய் மிச்சத்தால் முழு எண்டோஸ்கோப்பியையும் மறுபடி செய்ய வேண்டி வரும். எப்படி என்று கீழே பத்தாலஜியில் தெரியும்.

நெட் சளிப்படலத்தின் அடியாழத்தில் தொடங்கி, அதற்குக் கீழ் அடுக்கான சப்மியூக்கோசாவுக்குள் இறங்குவது. மேலாகக் கிள்ளினால் ‘சாதாரண இரைப்பை அழற்சி’ என்று வந்துவிடும். கிள்ளிய இடத்திலேயே இரண்டாவது முறை கடித்து ஆழமாக எடுக்க வேண்டும். 1 செ.மீ.க்குக் கீழான புடைப்பை முழுதாக எடுக்கும் வசதி அங்கேயே இருந்தால் கிள்ளிக் குதறாமல் முழுதாக எடுத்துவிடுவது நல்லது. கிள்ளிய இடத்தில் தழும்பு பிடித்தால் அடுத்து ஈஎம்ஆர், ஈஎஸ்டி (எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியை அடியோடு எடுக்கும் முறைகள்) செய்பவருக்குக் கட்டியைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் போகும்.

துண்டுகள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், துண்டைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும். சுண்டிப்போன அடிப்பாட்டில் ஃபார்மலின் வேண்டாம். சரியாகப் பதப்படாத துண்டில், பிரியும் செல்களைக் காட்டும் கேஐ-67 சாயம் பிடிக்காது. பிறகு கட்டி கிரேடு 1 என்று வந்தாலும் அது கட்டியின் குணமா, ஃபார்மலினின் குறையா என்று தெரியாமல் நிற்போம்.

பத்தாலஜி மேசையில்

முதலில் இது நெட்டுதானா? சினாப்டோஃபிசின், குரோமோகிரானின் என்ற இரண்டு சாயங்களையும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஐஎன்எஸ்எம்1. சிடி56-ஐயும் என்எஸ்இ-யையும் மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது. ஆன்ட்ரத்தில் சப்மியூக்கோசாவில் வட்ட வட்டச் செல்களோடு வரும் குளோமஸ் கட்டி ஏமாற்றும். அதுவும் சில நேரம் சினாப்டோஃபிசின் எடுக்கும். கெரட்டின், குரோமோகிரானின் சாயங்களை எடுக்காமல், எஸ்எம்ஏ என்ற தசைச் சாயத்தை எடுத்தால் அது குளோமஸ்.

அடுத்து, பின்னணித் துண்டுகள். பாடி என்று எழுதிய பாட்டிலில் பரைட்டல் செல்லே காணோம், ஆன்ட்ரம் மாதிரி சுரப்பிகள்தான் இருக்கின்றன. எண்டோஸ்கோப்பி செய்தவர் தவறாக ஆன்ட்ரத்தில் எடுத்துவிட்டாரா, அல்லது தேய்ந்த பாடி ஆன்ட்ரம் வேஷம் போடுகிறதா? இரண்டும் வழக்கமான ஹெச் அண்ட் ஈ சாய ஸ்லைடில் ஒன்றுபோலத்தான் இருக்கும். காஸ்ட்ரின் சாயம் போட்டால் விடை வரும்: உண்மையான ஆன்ட்ரத்தில் ஜி செல்கள் பழுப்பாக ஒளிரும், தேய்ந்த பாடியில் ஒன்றும் இருக்காது. பாட்டில்களைக் கலக்கக் கூடாது என்று சொன்னது இதற்குத்தான். எல்லாம் ஒரே பாட்டிலில் வந்தால் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எந்தச் சாயமும் முழுதாகச் சொல்லாது.

அதே பாடித் துண்டில் குரோமோகிரானின் போட்டுப் பார்த்தால் ஈசிஎல் செல்கள் பெருகிய விதம் தெரியும். சுரப்பியின் அடியில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் வரிசையாக நின்றால் வரிசைப் பெருக்கம். குட்டிக் குட்டிக் கொத்துகளாக நின்றால் முடிச்சுப் பெருக்கம். கொத்து 150 மைக்ரானைத் தாண்டினால் கட்டிக்கு முந்தைய நிலையான டிஸ்பிளாசியா, 0.5 மி.மீ.யைத் தாண்டினால் நெட் என்று பெயர். டைப் 3-ல் இந்தப் பெருக்கம் இருக்காது. காஸ்ட்ரின் ரிப்போர்ட் கையில் இல்லாத நாளிலும், பாடி தேய்வும் ஈசிஎல் பெருக்கமும் சேர்ந்து தெரிந்தால் டைப் 1 என்று துணிந்து எழுதலாம். சூட்டில் கெட்ட ரத்தத்தைவிட ஃபார்மலினில் கிடக்கும் இந்தத் துண்டு நம்பகமானது.

பிறகு கிரேடு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டின்படி, 2 சதுர மி.மீ.க்கு 2-க்குக் குறைவான மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்), கேஐ-67 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கிரேடு 1. மைட்டோசிஸ் 2 முதல் 20, கேஐ-67 3 முதல் 20 சதவீதம் வரை கிரேடு 2. 20-ஐத் தாண்டினால் கிரேடு 3. இரண்டு அளவுகளும் வேறு வேறு கிரேடைக் காட்டினால் எது அதிகமோ அதுதான்.

‘ஹை பவரில் 10 ஃபீல்டு’ என்று பழக்கத்தில் எண்ணுவது தவறு; ஃபீல்டின் அளவு ஐபீஸுக்கு ஐபீஸ் மாறும். ஐபீஸின் விளிம்பில் அச்சிட்ட ஃபீல்டு எண்ணை 40-ஆல் வகுத்தால் 40எக்ஸில் வட்டத்தின் விட்டம் மி.மீ.யில் கிடைக்கும். 22 என்றிருந்தால் விட்டம் 0.55, பரப்பு சுமார் 0.24 சதுர மி.மீ.; 2 சதுர மி.மீ.க்கு 8 ஃபீல்டுக்குச் சற்று மேல். 18 என்றிருந்தால் விட்டம் 0.45, பரப்பு 0.16, அப்போது 12, 13 ஃபீல்டு வேண்டும். முறைப்படி 10 சதுர மி.மீ. எண்ணி, 2-க்குக் கணக்கிட வேண்டும்; அதாவது 22 ஐபீஸில் 42 ஃபீல்டு, 18-ல் 63. சின்ன பயாப்ஸியில் அவ்வளவு கட்டியே இருக்காது. இருப்பதை எண்ணி, எவ்வளவு எண்ணினோம் என்பதையும் எழுதிவிட்டு கேஐ-67-ஐ நம்புங்கள்.

கேஐ-67-ஐக் கண்ணளவில் ‘சுமார் 2 சதவீதம்’ என்று போடுவது வேண்டாம். 3 என்ற கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கண்ணளவு எடுபடாது. அதிகமாகச் சாயம் பிடித்த இடத்தைத் தேடிப் பிடித்து, கேமராவில் படம் எடுத்து, சாதாரணத் தாளில் அச்சிட்டு, எண்ணிய ஒவ்வொரு செல்லையும் பேனாவால் அடித்துக்கொண்டே போங்கள். குறைந்தது 500 செல். எங்கே தப்பு நடக்கும் என்று ஒரு கணக்கில் பாருங்கள்: 612 கட்டிச் செல்லில் 17 பழுப்பு என்றால் 2.8 சதவீதம், கிரேடு 1. நடுவே புகுந்த, பழுப்புப் பிடித்த 12 லிம்போசைட்டுகளையும் (வெள்ளையணுக்கள்) சேர்த்து எண்ணிவிட்டால் 624-ல் 29, அதாவது 4.6 சதவீதம், ஒரே நொடியில் கிரேடு 2. லிம்போசைட்டின் கரு சின்னது, கறுத்தது. அதேபோல் இரைப்பைச் சுரப்பியின் கழுத்துப் பகுதியில் செல்கள் இயல்பாகவே பிரிந்துகொண்டிருக்கும். அங்கே பழுப்பாகத் தெரிவது கட்டியே அல்ல.

20-ஐத் தாண்டியதும் இன்னொரு கேள்வி: நன்றாக உருவான கிரேடு 3 நெட்டா, உருக்குலைந்த ‘நெக்’ என்ற நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவா? இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நெக்கில் செல்கள் சின்ன செல் அல்லது பெரிய செல் கார்சினோமா முகத்தோடு இருக்கும், செத்த திட்டுகள் இருக்கும், கேஐ-67 பெரும்பாலும் 55-ஐத் தாண்டும். தடுமாற்றம் இருந்தால் பி53, ஆர்பி சாயங்கள் உதவும்: பி53 அப்பட்டமாக அதிகமாகவோ முற்றிலும் இல்லாமலோ இருந்தாலும், ஆர்பி காணாமல் போயிருந்தாலும் நெக் பக்கம். நியூரோஎண்டோகிரைன் பகுதியோடு சாதாரண அடினோகார்சினோமாவும் கலந்து, இரண்டும் தலைக்கு 30 சதவீதமாவது இருந்தால் அது மைனென் என்ற கலப்புக் கட்டி. நெக்கை டைப் 1, 2, 3 என்று பிரிக்கத் தேவையில்லை.

எந்தப் பரிசோதனை தேவை, எது வீண்

டைப் 1 என்று தெரிந்ததும் ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பரைட்டல் செல் ஆன்டிபாடி, இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி. இதில் பி12 பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பி12 குறைந்தாலே ‘சைவம்ங்களா?’ என்று கேட்டு ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் கறி எடுக்கும் வீட்டில் ஒருவருக்கு பி12 இறங்கினால், அது சாப்பாட்டுக் குறை இல்லை. இரைப்பையைப் பார்க்க வேண்டிய இடம். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ஏறாத சோகைக்கும் இதே பேச்சுதான். ஆசிட் இல்லாத இரைப்பை இரும்பை உருக்கித் தராது.

டைப் 2 சந்தேகமென்றால் கால்சியம், பாராத்தைராய்டு ஹார்மோன், புரோலாக்டின், குடும்பத்தில் யாருக்காவது கிட்னிக்கல், அல்சர் ஆபரேஷன் என்ற விசாரணை. டைப் 1-க்குக் குரோமோகிரானின் ஏ ரத்தப் பரிசோதனை பணவிரயம்; ஈசிஎல் பெருக்கத்தாலேயே அது ஏறியிருக்கும். 24 மணி நேர மூத்திரம் பிடித்து 5-ஹெச்ஐஏஏ என்ற செரட்டோனின் கழிவைப் பார்ப்பதும் இரைப்பைக் கட்டியில் அநேகமாக வீண். முகம் சிவக்கும், வயிற்றுப்போக்கு வரும் கார்சினாய்டு தொல்லை இருப்பவருக்கு மட்டும் பாருங்கள்.

ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டாம். 1 செ.மீ.க்குக் கீழான டைப் 1, கிரேடு 1 என்றால் சிடி கூடத் தேவைப்படாது. 1 செ.மீ.யைத் தாண்டினால் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு பார்த்து, கட்டி எத்தனையாவது அடுக்கு வரை போயிருக்கிறது, பக்கத்து முடிச்சுகள் வீங்கியிருக்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகே எடுப்பது. டைப் 2, டைப் 3, பெரிய கட்டி, கிரேடு ஏறியது என்றால் தமனிக் கட்டத்தோடு கூடிய சிடி, பிறகு நெட் செல்களில் போய் ஒட்டும் காலியம்-68 டோட்டாடேட் மருந்து கொடுத்து எடுக்கும் பெட் ஸ்கேன். கோவை, வேலூர், சென்னை, பெங்களூரு என்று போகும்படி இருக்கும். நெக் என்றால் காலியம் ஸ்கேனைவிட, சர்க்கரையை இழுக்கும் செல்களைக் காட்டும் எஃப்டிஜி பெட் பேசும்.

ஸ்டேஜில் 1 செ.மீ. மறுபடியும் வருகிறது: சளிப்படலம், சப்மியூக்கோசாவுக்குள் 1 செ.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் டி1, 1 செ.மீ.யைத் தாண்டினாலோ தசை அடுக்குக்குள் போனாலோ டி2. தசையைத் தாண்டி, வெளி உறைக்கு அடியிலுள்ள சப்சீரோசாவுக்குப் போனால் டி3. வெளி உறையையோ பக்கத்து உறுப்பையோ தொட்டால் டி4.

முழு ரிப்போர்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும்: ‘இரைப்பை பாடி, 6 மி.மீ., நன்றாக உருவான நியூரோஎண்டோகிரைன் டியூமர், கிரேடு 1. மைட்டோசிஸ் 2 சதுர மி.மீ.க்கு 1-க்குக் கீழ், கேஐ-67 612 செல்லில் 2.8 சதவீதம், பாடி, ஃபண்டஸ் துண்டுகளில் தேய்வும் வரிசை, முடிச்சு ஈசிஎல் பெருக்கமும், ஆன்ட்ரம் இயல்பு, டைப் 1-க்கு ஒத்தது.’ இதைப் பார்த்தால் ஓமலூர் மருத்துவரும் வேலூர் மருத்துவரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்.

அங்கிருந்து பாதை பிரியும். டைப் 1-ஐ எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிட்டு 1 அல்லது 2 வருடத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்; தேய்ந்த இரைப்பையில் சாதாரணப் புற்றும் வரலாம் என்பதால் அந்தப் பார்வை புடைப்புக்காக மட்டுமல்ல. டைப் 2-ல் காஸ்ட்ரினோமாவைத் தேடிப் பிடிக்க வேண்டும். டைப் 3-ல் 1 செ.மீ.க்குக் கீழான கிரேடு 1 தவிர மற்றவை சர்ஜனிடம்.

வெளியூருக்கு அனுப்பும்போது ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. சாயம் போட்ட ஸ்லைடுகள், பாரஃபின் பிளாக், எண்டோஸ்கோப்பிப் படங்கள், pஹெச் அளவு, காஸ்ட்ரின் எடுத்த தேதியும் அன்றைக்குப் பிபிஐ நிறுத்தியிருந்ததா என்ற குறிப்பும் சேர்ந்து போக வேண்டும். அங்கே திரும்பச் சாயம் போடுவதற்குப் பிளாக் இல்லையென்றால் மறுபடி குழாய்தான். பிளாக்கைத் தனி டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாரஃபின் 60 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டு வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.